கையெழுத்துப் போடாத சீட்டு

1

இந்தக் கதையை நான் ஒரு மரப்பெட்டியிலிருந்து எடுத்தேன். திருடினேன் என்றும் சொல்லலாம்.

அருங்காட்சியகமாகிவிட்ட பழைய ஹாஸ்கெட் மாளிகையின் வாசலில், நுழைவுச்சீட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பெட்டி. பார்வையாளர்கள் தங்கள் கருத்தை எழுதி அதில் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து, சீட்டுகளை அடுக்கி, பொறுப்பாளர் பெவர்லியிடம் கொடுப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலை. அங்கே யாருக்குமே சம்பளம் கிடையாது. மே முதல் அக்டோபர் வரை, வார இறுதிகளில், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்பவர்கள் நாங்கள். எனக்கும் மூன்று மூலைத் தொப்பி உண்டு. சண்முகசுந்தரத்தை ஷான் என்று சுருக்கிய அதே தாராளத்தோடு அதையும் என் தலையில் வைத்துவிட்டார்கள். கனெக்டிகட்டில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறேன், இரண்டுமே பழகிவிட்டன.

சீட்டுகளில் பெரும்பாலும் சோள ரொட்டியைப் புகழ்ந்திருக்கும், கழிப்பறையை வைதிருக்கும். அன்று வந்தது வேறு.

‘வரவேற்பறையில் நிற்கும் மனிதர் பொய் சொல்கிறார். மேசையிலுள்ள கருகலுக்கு அவர் சொல்லும் காதல் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த மேசையே இந்த வீட்டினுடையது அல்ல. குழந்தைகளை நம்பி அழைத்து வருகிறோம். — அக்கறையுள்ள ஒரு பார்வையாளர்.’

கையெழுத்து இல்லை. ஆனால் எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சமையற்கட்டில் உப்பு ஜாடியிலும் மாவு ஜாடியிலும் பெயர் எழுதி ஒட்டிய அதே கை. வரவேற்பறை மனிதனின் மனைவி கோரின்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: அக்டோபர் வெயில் மேப்பிள் இலைகளின் மேல் விழுந்து, ஆற்றங்கரை முழுவதும்…

(நிறுத்திவிட்டேன். இந்த ஊர் இலைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆட்கள் வந்துசேர நாலு பக்கம் ஆகும்.)

பிறகு: கோரின் டாட்டம் பொறாமைக்காரி.

(இதையும் அடித்தேன். பொய்யில்லை. ஆனாலும் இதைப் படித்தால் நீங்கள் அவள் பக்கம் வரவே மாட்டீர்கள். நான் அவள் பக்கத்தில் நின்றுதான் இதைச் சொல்லப்போகிறேன்.)

சரி, நடந்தபடியே சொல்கிறேன். கோரின் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். சரித்திரம் படிக்க ஆசைப்பட்டு முடியாமல் போனவள். ஹாஸ்கெட் மாளிகைக்குக் குடும்பத்தை இழுத்து வந்தவள் அவள்தான். மூவருக்கும் உடுப்பைத் தானே தைத்தாள். இயந்திரத் தையல் ஒன்றுகூட இல்லை. புருஷன் ட்வைட், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்க்கிறவன். முதல் நாள், “முட்டிகிட்ட கவ்வுது கோரின், ரத்தமே ஓடல” என்று முனகிக்கொண்டே வந்தான். மகளுக்குப் பதினைந்து வயது. பெயர் நெல். (தமிழில் எழுதும்போது வயல் வாசனை அடிக்கிறது, மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றியது தெரிந்தால் அந்தப் பெண் என்னோடு பேசமாட்டாள்.) நெல்லுக்கு வெண்ணெய் கடையும் வேலை.

கோரினுக்குச் சமையற்கட்டு. அதில் அவளுக்குக் குறையில்லை, ஏனென்றால் அவளிடம் வயலட் இருந்தாள். இரண்டு குளிர்காலம் ஊர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அவள் கண்டுபிடித்த பெயர் அது. வீட்டின் முதல் எஜமான் செத்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில், இரண்டு பித்தளைக் குண்டான்களுக்கும் ஒரு நெட்டைக் கடிகாரத்துக்கும் நடுவே, ‘வயலட் என்ற கறுப்புப் பெண்’ என்று ஒரு வரி. அடிமை. அந்தச் சமையற்கட்டில் வெந்தவள். தேவாலயப் பதிவேட்டில் அவள் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரு வரி. செருப்புத் தைப்பவரின் நோட்டில் ‘வயலட்டுக்கு ஒரு ஜோடி’ என்று இன்னொரு வரி. அவ்வளவுதான் கிடைத்தது. கோரின் அதைச் சொல்வாள். ஜனங்கள் தலையாட்டிவிட்டு, “ரொட்டி எடுத்துக்கலாமா?” என்பார்கள்.

3

ஜூலையில் வரவேற்பறை ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பெவர்லி ட்வைட்டை அங்கே நிறுத்தினாள். “சும்மா நில்லுங்க, எதையும் தொட விடாதீங்க” என்பதுதான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி.

அன்று மத்தியானம் கோரின் பால் குவளையோடு நடையில் போனாள். உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். இருபது பேர் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். நடுவில் அவள் தைத்த நீலக் கோட்டில் அவள் புருஷன்.

“இந்தக் கருகல் இருக்கே,” என்று மேசையைத் தொட்டான், “இந்த வீட்டுப் பொண்ணு போருக்குப் போனவனோட சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. கதவு தட்டுற சத்தம். திறந்தா ஒரு கடிதாசி. படிச்சிட்டு அப்படியே நின்னுட்டா. பெட்டி கையில இருந்ததே மறந்துபோச்சு.”

ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெண் கோரினிடம் திரும்பி, “எவ்வளவு அழகா சொல்றார்!” என்றாள்.

அந்த மேசை 1931இல் வேறு ஊர் ஏலத்தில் வாங்கியது. கோரின் அந்த ரசீதைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வயிறு எரிந்தது. உள்ளே எலும்பு வைத்துத் தைத்த கச்சு, ஆழ்ந்து மூச்சு வாங்கக்கூட இடம் கொடுக்கவில்லை.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது ஆரம்பித்தாள்.

“எங்கருந்து எடுத்தே அந்தக் கதைய?”

“அந்தம்மா கேட்டாங்க, இது எப்படி ஆச்சுன்னு. வாய்ல வந்துச்சு.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் ட்வைட்.”

“அதுக்கா அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தாங்க?”

பின்சீட்டிலிருந்து நெல், “அப்பா, அந்தப் பொண்ணு பேரு என்ன வச்சே?” என்றாள்.

“பேஷன்ஸ்.”

“செம பேரு.”

கோரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்டில் வரவேற்பறைக்கு வரிசை நின்றது. பேஷன்ஸுக்கு ஒரு தம்பி முளைத்தான், ஒரு நாய் முளைத்தது. சமையற்கட்டுக்கு வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து ரொட்டி கேட்டார்கள். வயலட்டைப் பற்றிக் கேட்க ஒருத்தர் மனசிலும் இடமில்லை. உண்மைக்காகத்தான் சீட்டு எழுதினேன், வயலட்டுக்காகத்தான் எழுதினேன் என்று கோரின் பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன். முக்கால்வாசி.*

*என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. அடுக்கின் மேலே, பெவர்லி கண்ணில் முதலில் படும்படி வைத்தேன். பத்து வருஷமாகக் கதை எழுதி, அடித்து, திருத்தி, நாலு பேரிடம் படிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவன் நான். அவனுக்கோ வாய்ல வந்துச்சாம்.

4

பெவர்லி இருவரையும் கூப்பிட்டாள்.

“ட்வைட், உங்கமேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா புகார் எழுத்துல வந்திருக்கு. நீங்க துணி வெளுக்கிற முற்றத்துக்குப் போங்க. கோரின், உங்க அளவுக்கு இந்த வீட்டைப் பத்தி யாருக்கும் தெரியாது. வரவேற்பறை உங்களுக்கு.”

“யாரு எழுதினது?” என்றான் ட்வைட்.

“பேர் போடல.”

அவன் சீட்டை வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். “சரி. துணி வெளுக்கிறேன்.”

(இந்த இடத்தில் எனக்கு ட்வைட் மேல் சந்தேகம் வருகிறது. இத்தனை நல்லவனாக ஒருத்தன் இருந்தால் வாசகர் நம்புவாரா? அவன் சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவன். மகளின் பிறந்தநாளை ஒரு தடவை மறந்தவன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

செப்டம்பர் முதல் சனிக்கிழமை கோரின் பச்சைப் பட்டில் வரவேற்பறையில் நின்றாள். மேசை எந்த வருஷம், எந்த மரம், யார் வாங்கியது என்று சொன்னாள். ஒன்றும் பிசகில்லை. வயலட்டையும் சொன்னாள், தேதியோடு, பக்க எண்ணோடு. ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. ஒரு ஆள் கையைத் தூக்கினார். கோரின் ஆசையோடு அவரைப் பார்த்தாள்.

“முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தாரே, அவர் லீவா?”

மூன்று மணிக்கு அறை காலி. பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருபது பேர் சேர்ந்து சும்மா இருக்கும்போது ஏற்படுகிற அமைதி அது. கோரினுக்குப் பழக்கமான அமைதி. போனாள்.

முற்றத்தில் கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் ட்வைட், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான்.

“…ரெண்டு பித்தளைக் குண்டான். அப்புறம் வயலட். அப்புறம் ஒரு கடிகாரம். அந்த வரிசையிலதான் எழுதியிருக்கான்.” கழியால் துணியை ஒரு புரட்டுப் புரட்டினான். “அவளுக்கு ஒரு மகன் பொறந்தான். தேவாலயத்துல பேர் எழுதியிருக்கு. அவளுக்கு ஒரு தடவை செருப்பு தச்சிருக்காங்க. ஒரே ஒரு ஜோடி.”

“அப்புறம்?” என்றது ஒரு பெண் குரல்.

“அப்புறம் தெரியாது.”

அவன் வேறெதுவும் சொல்லவில்லை. நாய் இல்லை, கடிதாசி இல்லை. ஒரு பொய்கூட இல்லை. இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் கோரின் சொன்னது அத்தனையும், அவள் சொன்ன அதே வரிசையில். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

பொய் சொன்னபோதாவது புகார் எழுத ஒரு வழி இருந்தது. இப்போது எதை எழுதுவாள்? பேஷன்ஸை அவன் வைத்துக்கொள்ளட்டும். வயலட் கோரினுடையவள். அவளையும் எடுத்துக்கொண்டான். அதுவும் கோரினைவிட நன்றாகச் சொல்லிவிட்டான். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எனக்கும் எழுதக் கை வரவில்லை.

5

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கோரின் மறுவாரமே உடுப்பை மடித்துப் பெவர்லியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நடக்கவில்லை, இன்றைக்கும் வருகிறாள். இன்னொன்றில் ட்வைட்டைக் கட்டிக்கொண்டு… (முழுதாக எழுதவே வெட்கமாக இருந்தது.)

நடந்தது இது. அன்று சாயங்காலம் உடுப்பை மாற்றாமலே மூவரும் நெடுஞ்சாலை ஓரத்து உணவுக்கடைக்குப் போனார்கள். கோரின் பட்டுப் பாவாடையை அமுக்கி இருக்கைக்குள் நுழைந்தாள். அப்பமும் பன்றி இறைச்சி வறுவலும் வந்தன. அவள் தொடவில்லை.

“அந்தச் சீட்டை எழுதினது நான்தான்” என்றாள்.

ட்வைட் அப்பத்தின் மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டிருந்தான். “தெரியும். ‘எந்த ஆதாரமும் இல்லை’ன்னு எழுதுற ஆளு இந்த ஊர்ல வேற யாரு?”

“எனக்கும் தெரியும்மா” என்றாள் நெல். “வெண்ணெய் கடையிற எல்லாருக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல? ஏன் சண்டை போடல?”

அவன் பாகுக் குடுவையைக் கீழே வைத்தான். “கோரின், கல்யாணம் ஆகி பத்தொன்பது வருஷம். வீட்டுல நான் ஒரு கதையாவது முழுசா சொல்லி முடிச்சிருக்கேனா? செவ்வாக்கிழமைன்னா, புதன்கிழமைம்பே. நீலக் காருன்னா, சாம்பல்ம்பே. நீ சொல்றதுதான் சரி, எப்பவும் நீதான் சரி. அந்த ரூம்லதான் முதல்முதலா ஜனங்க கடைசி வரைக்கும் கேட்டாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்.”

கோரின் பதில் சொல்வதற்குள் பரிமாறும் பெண் காபிக் குடுவையோடு வந்துவிட்டாள். அவளுக்கு நெல்லைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

“என்ன விசேஷம், மூணு பேரும் இப்படி? கல்யாணமா?”

“இல்லம்மா, கல்யாணம் எப்பவோ ஆயிடுச்சு” என்றான் ட்வைட். குரல் மாறியது, கோரினுக்கு அந்தக் குரல் தெரியும். “இவங்கள நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? ஜனவரி. இவங்க அம்மா வீட்டு உலை நின்னுபோச்சு, என்னைக் கூப்பிட்டாங்க. வீட்டுக்குள்ள அவ்வளவு குளிர். உள்ள போறேன், மாடிப்படில சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கா. என்னைப் பார்த்துச் சிரிச்சா பாரு. உலை எங்க இருக்குன்னு கேக்கவே மறந்துட்டேன்.”

பரிமாறும் பெண் குடுவையை மேசையில் வைத்தாள். நெல் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள், இந்தக் கதையை அவள் இதுவரை கேட்டதில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது கோரின் இல்லை. சிவப்புக் கோட்டு அவள் அக்கா லெனோருடையது, சிரிப்பும் லெனோருடையது. கோரின் அப்போது நிலவறையில், பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தக் குழாய் எந்த வருஷம் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லெனோர் இருக்கும் அறையில் தன்னை யாரும் பார்த்ததில்லை என்பது கோரினுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வலி.

அவன் மறந்துதான் சொல்கிறானா, தெரிந்தே அந்தக் கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிடுகிறானா? அவன் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை. திருத்தினால் அந்தப் படிக்கட்டு மறுபடி லெனோருக்குப் போய்விடும். திருத்தாவிட்டால் அவளும் இனி அந்தப் பொய்க்குள்தான் இருந்தாக வேண்டும், சிவப்புக் கோட்டோடு.

“அம்மா,” என்றாள் நெல், “நிஜமாவா? நீயா அப்படிச் சிரிச்சே?”

கோரின் அதற்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொன்னாள், நுழைவுச்சீட்டு மேசையில் சாய்ந்துகொண்டு, யாரிடமும் சொல்லாதே ஷான் என்று. அதை இங்கே மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அடித்தேன். இத்தனை தூரம் அவள் ரகசியத்தையெல்லாம் எடுத்துப் போட்டவன் நான்; இந்த ஒன்றை அவளிடமே விடுகிறேன்.

நீங்கள் அவள் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கச்சு இறுக்குகிறது, அப்பம் ஆறுகிறது. புருஷன் உங்களைப் பார்க்காமல் காபியைக் கலக்குகிறான். மகள் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.