கெசையாவின் முப்பத்தெட்டு நோட்டுகள்

1825 டிசம்பரில் லண்டன் வங்கிகள் சாய்ந்த செய்தி எங்கள் சந்தை ஊரை எட்டியபோது, நான் கார்த் வங்கியில் குமாஸ்தா. எங்கள் ஒரு பவுன் நோட்டுகளில் எண்ணும் தேதியும் என் கையால் எழுதுவேன்; முதலாளி கார்த் கையெழுத்துப் போடுவார்.

அன்று காலை, நோட்டுக்கு மாற்றாகக் கொடுக்க வங்கிப் பெட்டியில் ஒரே ஒரு பை சவரன் தங்கக் காசுதான் இருந்தது.

"சாயங்காலக் குதிரைக் கோச்சுல லண்டன்லேர்ந்து தங்கம் வருது, ஈனாக். அதுவரைக்கும் மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வெச்சுக்க," என்றார் முதலாளி.

நம்பினேனா என்று இன்றும் தெரியவில்லை.

வாசலில் கூட்டம் வரிசை கட்டியது. நடுவே என் தங்கை கெசையா. கணவன் இறந்தபின் குத்தகை நிலத்தில் தனியாக ஆடு வளர்ப்பவள். கிடாக்களை விற்ற முப்பத்தெட்டு நோட்டுகளோடு என் மேசையின் கம்பித் தடுப்புக்கு முன் வந்து நின்றாள்.

"என்னண்ணா, கம்பிக்குள்ள நல்லா கொழுத்துட்டே. இதைத் தங்கமா மாத்திக்கவா, வேணாமா? நீ சொல்றதுதான்."

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"வேணாம். வீட்டுக்குப் போ," என்றேன்.

அவள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்கல்ல? எங்கண்ணனே சொல்லிட்டான். எதுக்குக் கால் கடுக்க நிக்கிறீங்க?"

இருபது பேராவது கலைந்து போனார்கள். முதலாளி என் தோளைத் தட்டினார்.

கோச் வந்தது, தங்கம் வரவில்லை. மறுநாள் வங்கி திறக்கவில்லை.

நான்காம் நாள் கெசையா வந்து நோட்டுகளை என் வீட்டு மேசைமேல் வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தேன். "இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் ஒரு பவுன் தருவதாக உறுதி கூறுகிறேன்."

"கொண்டுவந்தேன். கேட்டேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ஊர் என்னைத் திட்டவில்லை. முதலாளி சொன்னதைச் செய்தவன் என்று விட்டுவிட்டது. அவளைத்தான் விடவில்லை. "அவ பேச்சைக் கேட்டுத்தான் போனோம்," என்றார்கள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மார்ச்சில் குத்தகை கட்ட வழியில்லாமல் நிலம் போனது. ஹல் துறைமுகத்தில் ஒரு விடுதியில் துணி துவைக்கும் வேலைக்குக் கிளம்பினாள். வண்டியில் பெட்டியை ஏற்றிவிடக் கை நீட்டினேன்.

"வண்டிக்காரர் ஏத்துவாரு," என்றாள்.

அவர் வரும்வரை மழையில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.