படியம்மாவின் பதினோரு மாதம்

தம்பி செல்போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினான்.

"இதைப் படி அக்கா."

பதிவு அலுவலக அறிவிப்புப் பலகையை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மணமகள் என்ற இடத்தில் அவள் பெயர், வயது நாற்பத்தேழு. மணமகன் ஐம்பத்திரண்டு, மனைவியை இழந்தவர், தொழில் லிஃப்ட் இயக்குநர். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அடியில் இருந்தது.

"என்ன கூத்து இது?"

அவள் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். தம்பி குரலை உயர்த்தினால் அவளுக்கு எப்போதும் இப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் அவன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அவள். ஆனால் அவன் மீசை முளைத்த நாளிலிருந்து அவனுக்குப் பயந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு வரன் பேசிட்டு இருக்கற நேரம், அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "ஒரே வீட்டுல ரெண்டு கல்யாணப் பொண்ணான்னு அவங்க சிரிக்க மாட்டாங்களா?"

தம்பி மகள் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள். "என் கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்துக்க மாட்டீங்களா அத்தை?"

கெட்ட பெண் இல்லை அவள். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாகத் தைத்தது.

பொறுப்பது அந்த வீட்டில் அக்காவின் இலாகா. அப்பா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குப் பதிவேட்டு அறையில் வேலை கொடுத்தார்கள். இருபத்தொன்றில் ஒரு வரன் வந்தது. தம்பி படிப்பு முடியட்டும் என்றாள் அம்மா. இருபத்து நான்கில் இன்னொன்று வந்தபோது, அவன் வேலையில் அமரட்டும் என்றாள். பிறகு அம்மாவே படுக்கையில் விழுந்து ஒன்பது வருடம் கிடந்தாள். அம்மா போன பிறகு, இந்த வீட்டில் ஒரு காரியம் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்பதே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படியம்மா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் கரண்ட் போய் லிஃப்ட்டுக்குள் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டவள், அதன்பின் அதில் கால் வைக்கவே இல்லை. பதிவேட்டு அறை நான்காம் மாடியில். கோப்புக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நின்று, நாளுக்கு ஆறு தடவை ஏறி இறங்குவாள்.

புதிதாக மாற்றலாகி வந்த லிஃப்ட்காரர் இதைப் பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் கேட்டார்.

"முட்டி வலிக்கலியா உங்களுக்கு?"

"வலிக்குது."

"ஒரே ஒரு மாடி வாங்க. எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டுத்தான் செய்வேன்."

சொன்னபடியே செய்தார். "இப்பக் கதவைச் சாத்தறேன். இப்பக் கிளம்பறோம். இப்ப லேசா ஒரு குலுக்கல் வரும், அது எப்பவும் வர்றதுதான், கண்டுக்காதீங்க." உள்ளே இருந்த நோயாளிகள் சிரித்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் குரலையே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மாடி இரண்டாகி, இரண்டு மூன்றாக ஒரு மாதம் ஆயிற்று. நான்காம் மாடியில் இறங்கிய அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் யார் சிரிப்பது என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த வருடம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்ட இடமும் லிஃப்ட்தான். "எனக்குச் சமைக்கத் தெரியும். குறட்டை விடுவேன். ரெண்டையும் சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது.

இப்போது மூவரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொறுத்துட்டேன்," என்றாள்.

"என்னது?"

"பொறுத்தாச்சு. இனிமே முடியாது."

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அவன் யாரு, என்ன ஆளுங்கன்னு விசாரிச்சியா? நாள் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வர்றவன். அவன் வீட்டுல கை நனைப்பியா நீ? இந்த வாசலைத் தாண்டினா எனக்கு அக்காவே கிடையாது."

முப்பது நாள் கழித்து, இரண்டு பைகளோடு அவள் வாசலைத் தாண்டினாள். தைரியமே இல்லாமல்தான் போனாள். ஆனாலும் போனாள். பதிவு அலுவலகத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்காரம்மாவும் மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. முதல் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தவளிடம், "யாரு என்ன கேட்டாங்க? படுங்க," என்றார் அவர். அவள் படுத்தாள், ஆனால் தூங்கவில்லை. வெயில் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடலாம் என்பது அந்த வீட்டில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை எல்லோருக்கும் போட்டுவிட்டு ஆறியதைத்தான் தின்றிருந்தாள். குறட்டை விஷயத்தில் அவர் குறைத்துச் சொல்லியிருந்தார். அதற்காக இருவரும் சண்டை போட்டார்கள். இத்தனை வருடத்தில் அவள் ஒருவரோடு பயமில்லாமல் போட்ட முதல் சண்டை அது.

இடையில் தம்பி மகள் கல்யாணம் நடந்தது. அழைப்பு வரவில்லை. பெண்ணுக்கு அத்தை எங்கே என்று கேட்டவர்களிடம், வெளியூரில் வேலை என்று சொன்னார்களாம்.

பதினோராம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட்காரர் தன் ஸ்டூலிலேயே சாய்ந்தார். உள்ளே இருந்த நோயாளி ஒருவர் பொத்தானை அழுத்தி மேலே கொண்டுபோனார். அங்கேயே வார்டில் சேர்த்தும், வியாழன் காலை லிஃப்ட்காரர் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் சைக்கிள் கடைப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பியும் அவன் மனைவியும் முதல் முறையாக அந்த வீட்டுக்கு வந்தார்கள்.

"அத்தான் இப்படிப் பொசுக்குன்னு போவாருன்னு யாரு நெனச்சா?" என்றான் தம்பி.

உயிரோடு இருந்த காலமெல்லாம் 'அவன்' ஆக இருந்தவர், செத்த பிறகு அத்தான் ஆகியிருந்தார்.

தம்பி மனைவி ஒரு பையைப் பிரித்தாள். உள்ளே வெளிர் நிறத்தில் நான்கு புடவைகள். "இனிமே இதுதான் அண்ணி கட்டணும். நாலு பேர் பாக்கற மாதிரி நடந்துக்கணும்ல? வீட்டுக்கு வந்துடுங்க. பொண்ணு பிரசவத்துக்கு வரா, எனக்கு முதுகு வலி, ஒத்தையா சமாளிக்க முடியாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு மட்டும் பின்னாடி ரூம்ல இருந்துக்கங்க. மொத நல்ல காரியம் பாருங்க. நீங்க எதுர்ல நிக்க வேணாம்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்டாட்டியா இருந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. புருஷன் செத்ததும் பை நெறயத் துணியோட வந்துட்டீங்க."

"அது வேற, இது வேறக்கா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் வரல."

"தனியா என்ன பண்ணுவே?"

அவர்கள் போனதும் கதவைத் தாழிட்டாள். மறுபடி திறந்து, சரியாகத் தாழிட்டோமா என்று பார்த்து மறுபடி போட்டாள். விட்டுப் போயிருந்த பயம் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்திருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். லிஃப்ட்டில் வேறு ஆள் இருந்தான். அவள் படியேறினாள். பயத்தாலா வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை, இறந்தவர்களின் கோப்புக் கட்டு அடுக்குவதற்கு வந்தது. நான்காவது கோப்பு அவருடையது. முதல் பக்கத்தில் 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் அவள் பெயர் சரியாக இருந்தது. 'உறவு' என்ற இடத்தில், சேர்த்த அன்று இருந்த குமாஸ்தா 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தான். லிஃப்ட்காரருக்கு எப்போதோ மனைவி இறந்துவிட்டாள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இருபத்தெட்டு வருடத்தில் அவள் எந்தக் கோப்பிலும் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. அந்த அறைக்குள் வந்த கோப்பில் யாரும் எழுதக் கூடாது. புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

பேனாவைத் திறந்தாள். 'தெரிந்தவர்' மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'மனைவி' என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

இரண்டு நாளில் ஹெட் கிளார்க் கூப்பிட்டார். "யாரைக் கேட்டு இதுல கை வச்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மெமோ குடுத்தே ஆகணும். சம்பள உயர்வை நிறுத்துவாங்க." அவருக்கே வருத்தமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார்.

'தங்கள் கணவரின் மருத்துவக் கோப்பில் அனுமதியின்றித் திருத்தம் செய்தது குறித்து விளக்கம் அளிக்கவும்' என்று தட்டச்சு செய்திருந்தது.

முதல் இரண்டு சொற்களை அவள் இன்னொரு முறை படித்தாள். பிறகு குனிந்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.