தடங்கல் இல்லாத படம்

டிவி தேடிக்கொண்டே இருந்தது. திரையின் நடுவில் ஒரு வளையம் சுற்றியது, நின்றது, இணைப்பு எதுவும் கிடைக்கவில்லை என்றது. நான் ரிமோட்டின் பொத்தானை மறுபடி அழுத்தினேன். என் முதுகுக்குப் பின்னால் அறை நிறைய ஆட்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சிலர், ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு சிலர், தரையில் மீதிப்பேர். இரவு முழுவதும் இறால் ஆலையின் குளிர் அறையில் நின்றுவிட்டு நேராக இங்கே வந்திருந்தேன். கண் இமைக்குள் மணல் போட்டதுபோல இருந்தது. குவாயகில் நகரத்தில் கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எந்த வீட்டில் எந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டாலும் என்னைக் கூப்பிடலாம்.

"படிச்ச படிப்புக்கு இதுகூட வரலையாப்பா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அவன் எங்க படிச்சான். பஸ்ல போயிட்டு பஸ்ல வந்தான்" என்றார் டான் செகுண்டோ. சிரிப்பு எழுந்தது, வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாக.

என் அக்கா நார்சிசா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அடுக்களை வாசலில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, பைக்குள் அவள் போன். இந்தப் பள்ளத்தில் சிக்னல் பிடிப்பது அந்தக் கம்பியில் மட்டும்தான். வீட்டுக்குள் ஓர் அடி நகர்த்தினாலும் போய்விடும்.

அவள் கணவன் வெலிங்டன் மீன்பிடிக்கப் போன ஃபைபர் படகு நேற்றே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அதனால்தான் இத்தனை பேர். எங்கள் கரையில் ஒரு படகு தாமதமானால் அந்த வீட்டைத் தனியாக விடமாட்டார்கள். ஏன் வந்தேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள். பொரித்த வாழைக்காயும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். அழக்கூடாது. செபமாலையை எடுக்கவே கூடாது, அது செத்தவர்களுக்கு. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஆகவே எதையாவது ஓடவிட வேண்டும். முன்பெல்லாம் ரேடியோ. இன்றைக்கு பராகுவேயோடு எங்கள் நாட்டின் கால்பந்து ஆட்டம்.

"டிவியப் போடு தம்பி, எல்லார் மூஞ்சியையும் நானே எவ்வளவு நேரம் பாக்குறது" என்று கட்டளையிட்டது வெலிங்டனின் அம்மா டோன்யா ஃப்ளெரிடா. மகன் கடலில் இருக்க, காலையிலிருந்து வாழைக்காய் நசுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் தட்டுகிற தட்டில் மேசை ஆடுகிறது.

கேபிள் கம்பி மழையில் அறுந்து கிடக்கிறது. வந்தவர்களின் போன்களில் இருப்பதெல்லாம் அரட்டைக்கு மட்டும் இலவசமான சின்ன பேக். அந்த இலவசம் போனோடு சரி, டிவிக்குக் கடத்தினால் ஓடாது. என் போன் வேறு கம்பெனி, இந்தப் பக்கம் செத்த பொருள். முழு பேக் போட்டிருந்தது அக்காவின் போனில் மட்டும். அந்த எண்ணுக்குத்தான் வெலிங்டன் கூப்பிட வேண்டும்.

கோளாறு என்னவென்று அதற்குள் புரிந்துவிட்டது. போன் வேகமான அலையில் ஹாட்ஸ்பாட்டை விட்டுக்கொண்டிருந்தது, இந்த டிவிக்கு மெதுவான பழைய அலைதான் தெரியும். மாற்றினேன். திரையில் அக்காவின் பெயர் வந்தது. கடவுச்சொல் கேட்டது.

"என்ன பாஸ்வேர்டு, அக்கா?"

அவள் வாசலிலிருந்து டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லேன் நார்சிசா. உன் நெட்டைத் திருடி நாங்க என்ன பண்ணப் போறோம்" என்றாள் ஒருத்தி.

"ரிமோட்டைக் குடு" என்று அக்கா வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, அம்பை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். திரையில் புள்ளிகள்தான் வந்தன. ஆனால் அம்பு எந்த எழுத்தில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாதியிலேயே டோன்யா ஃப்ளெரிடா உரக்கப் படித்துவிட்டாள்.

"என்... குண்டச்சி. அட என் மவனே."

இந்த முறை வந்தது உண்மையான சிரிப்பு. அக்காவின் கழுத்து சிவந்தது. "போற அன்னிக்கு அவருதான் போட்டாரு, எனக்கு மாத்தத் தெரியாது" என்றாள். சொன்னதும் முகம் மாறிவிட்டது. அடுக்களைக்குள் போனாள். நானும் போனேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். நம்ம டவர்ல பேச்சும் நெட்டும் ஒண்ணா போகாது. போன் வந்தா டிவில படம் நின்னுடும்."

"நின்னா?"

"நின்னா ஒண்ணுமில்ல. போனை எடுக்கலாம். சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் அடுப்பைத் தணித்தாள். "அப்ப நல்லதுதானே. மணி கேக்கலன்னாலும் தெரியும்."

வெளியே வந்து எல்லோரிடமும் அதையே சொன்னாள். சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த நிமிடத்திலிருந்து அந்த அறையில் யாரும் ஆட்டம் பார்க்கவில்லை. படம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடலில் வெகுதூரம் சிக்னல் கிடையாது. கரையின் குன்று கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் படகு வரும்போதுதான் போனில் முதல் கோடு விழும். விழுந்ததும் ஆண்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். சாதாரண அழைப்பு. அவர்கள் போனில் நெட் இருக்காது, சார்ஜும் பாதி நேரம் இருக்காது, ஒரே படகில் ஒருவன் போனை மற்றவன் வாங்கிப் பேசுவான். வந்துட்டோம் என்ற ஒரு சொல் போதும். கூப்பிடாமல் கரைக்கு வந்த படகு எதுவும் எனக்கு நினைவில்லை. எஞ்சினைப் பறிகொடுத்து வந்தவர்கள்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். முகமூடிக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு படகை மிதக்கவிட்டுப் போவது இப்போது அடிக்கடி நடக்கிறது. எல்லாப் படகுகளும் மிதந்து கரைக்கு வருவதில்லை.

பந்து எங்கள் பக்கம் வந்தபோது படம் நின்றது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்குத் திரும்பின. பை அசையவில்லை. படம் தானாகவே ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது, மறுபடி தலைகள், மறுபடி ஒன்றுமில்லை. காற்றுக்கு சிக்னல் ஆடுகிறது, அவ்வளவுதான். மூன்றாவது முறை பைக்குள் நிஜமாகவே மணி அடித்தது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மந்தா நகரத்திலிருந்து அவளுடைய நாத்தனார்.

"ஏதாவது தெரிஞ்சுதாடி?"

அறைக்கே கேட்டது. அக்கா அமைதியாகப் பேசினாள். "போனை வை. நீ பேசுற நேரத்துல அவர் கூப்பிட்டா?" வைத்துவிட்டு, பையைக் கம்பியில் கட்டும்போது முடிச்சு விழவில்லை. டான் செகுண்டோ எழுந்துபோய் வாங்கிக் கட்டினார். வெலிங்டன் போன படகின் சொந்தக்காரர் அவர்தான். காலையிலிருந்து ஜன்னலை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்.

"சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பாக்குறேன் மகளே, நீ போய் உக்காரு."

அதற்குப் பிறகு படம் நிற்கவில்லை.

பாதி ஆட்டம் முடிந்தது. ஆட்கள் காலை நீட்டினார்கள். யாரோ எங்கள் கோல்காவலனைத் திட்டினார்கள், இன்னொருவர் அவன் அம்மாவுக்காகப் பரிந்து பேசினார். நாங்கள் ஒரு கோல் போட்டபோது அறை உண்மையாகவே கத்தியது. அக்காகூட ஒரு துண்டு வாழைக்காயை எடுத்துக் கடித்தாள், அன்றைக்கு அவள் வாயில் வைத்த முதல் உணவு அது. படம் கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்திருந்த நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

திடுக்கிட்டு விழித்தேன். கனவு எதுவும் இல்லை. அதே அறை, அதே பச்சைத் திடல், அதே சத்தம். என்ன தப்பு என்று பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆனது. காற்று அப்படியே அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னல் பை படபடவென்று ஆடியது, ஆனால் படம் ஓர் இமைப்பொழுதுகூட நிற்கவில்லை. இந்தப் பள்ளத்தில், இந்தக் காற்றில், எந்த வீட்டு டிவியும் இப்படி ஓடியதில்லை.

எழுந்துபோய் பையிலிருந்து போனை எடுத்தேன். சூடாக இருந்தது. மேலே சிக்னல் குறி மேலும் கீழும் தாவாமல் ஒரே இடத்தில் நின்றது. செட்டிங்கைத் திறந்தேன். சாதாரணமாக யாரும் போகாத ஓர் இடத்தில் '4ஜி மட்டும்' என்று மாற்றப்பட்டிருந்தது. போனில் குத்துச்சண்டை நேரலை பார்க்கிறவர்கள் செய்கிற தந்திரம் அது. நெட் நிற்காமல் வரும். எங்கள் டவரில் அப்படி வைத்தால் போன் அழைப்பு மட்டும் வராது.

"யாரு இதை மாத்தினது?"

டான் செகுண்டோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மருமவன் சொல்லிக்குடுத்தது" என்றார். "ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் இந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல. கொஞ்ச நேரம் நல்லா ஓடட்டுமேன்னுதான்."

"மாத்தினா போன் வராது. அது தெரியுமா?"

"வராதுன்னு... எனக்கு எப்படிப்பா தெரியும். நெட்டு நல்லா வந்தா போனும் நல்லா வரும்னு நெனச்சேன்."

அக்கா எழுந்து நின்றிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த வாழைக்காய்த் துண்டைத் தட்டில் வைத்தாள், வைக்கிற இடத்தைச் சரியாகப் பார்த்து வைத்தாள்.

"மாத்து" என்றாள் என்னிடம்.

மாற்றினேன். டிவியில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. போன் டவரைத் தேடியது. பிறகு என் உள்ளங்கையில் அது ஒருமுறை அதிர்ந்தது, இன்னொரு முறை அதிர்ந்தது. போன் கம்பெனியின் குறுஞ்செய்திகள். நீங்கள் தொடர்பில் இல்லாதபோது இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டிலும் ஒரே எண். பெயரில்லாத எண்.

"யாரோடது?" என்றாள் அக்கா. நான் எண்ணை உரக்கப் படித்தேன். ஒவ்வொருவராகத் தங்கள் போனில் தேடினார்கள். யாரிடமும் இல்லை. ஜன்னலை ஒட்டியே நின்று திரும்பக் கூப்பிட்டேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றாள் ஒரு பெண், மிகவும் மரியாதையாக. அக்கா வாங்கிக் கூப்பிட்டாள். அதே பெண், அதே மரியாதை.

அறையில் இருந்த எல்லோருக்கும் இரண்டு கணக்குதான். வெலிங்டன் வேறு எவனுடைய போனையாவது வாங்கிக் குன்று தெரிகிற இடத்திலிருந்து கூப்பிட்டிருப்பான், பிறகு அந்தப் போனும் செத்திருக்கும். அல்லது துறைமுகக் கேப்டன் அலுவலகத்திலிருந்து எவனோ தன் சொந்தப் போனில் கூப்பிட்டிருப்பான், அவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், வீட்டுக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தி இருந்தால். இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். சந்தோஷம் இருந்தாலும் இரண்டு தடவை கூப்பிடலாம்.

"மன்னிச்சிடு மகளே" என்றார் டான் செகுண்டோ.

"நீ எஞ்சினுக்காகத்தானே காலையிலேருந்து அந்த ஜன்னலைக் காவல் காத்தே" என்றாள் டோன்யா ஃப்ளெரிடா. குரலில் கோபம் இல்லை. அவரும் மறுக்கவில்லை. "எஞ்சினுக்காகவும்தான்" என்றார்.

டோன்யா ஃப்ளெரிடா கையிலிருந்த எண்ணெயைப் பாவாடையில் துடைத்தாள். அடுக்களை மூலையில் அடுக்கியிருந்த, மீன் அள்ளுகிற பிளாஸ்டிக் தொட்டிகளில் மேலே இருந்ததை இழுத்து எடுத்தாள். அழைப்பு வந்தால் பெண்கள் தொட்டியோடு கரைக்குப் போவது வழக்கம், படகு மணலைத் தொடும்போது அவர்கள் அங்கே நிற்க வேண்டும்.

"அத்தை, யாருன்னே தெரியாதே" என்றாள் அக்கா.

"போன் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்ப தொட்டியை எடு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது தெரிந்தவன்போல. அவள் போனைச் சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டு இரண்டாவது தொட்டியைத் தூக்கினாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். தொட்டி இல்லாதவர்கள் வாளி எடுத்தார்கள், ஒருத்தி குழம்பு கொண்டுவந்த சட்டியைக் கழுவாமலே இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெயில் சாய்ந்த சரிவில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். முன்னால் கிழவி, வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக.

போன் போனதும் உள்ளே டிவி இணைப்பை இழந்தது. கடைசியாக வந்த படம் திரையில் அப்படியே இருந்தது. எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் வாயைத் திறந்து, கையைத் தூக்கி, திரைக்கு வெளியே இருக்கும் எவனையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆண்கள் அவன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சரிவில் காலித் தொட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு தூரம் போயின.