மூன்றாவது ஆள்

கதவு தட்டப்பட்டபோது தங்கை பாதித் தலைதான் பின்னியிருந்தாள். அக்காக்காரி அவளைச் சீப்போடு குளியலறைக்குள் தள்ளினாள். துணி தேய்த்துப் பிழைப்பவள் என்பதால் தெருவுக்கே அக்கா இஸ்திரிக்காரி.

"மூச்சு காட்டாதடி!"

வந்தவர் வாடகை உதவித் திட்டத்து அதிகாரி. நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் பகுதியில் குடியிருக்கட்டும் என்று வாடகையில் பெரும்பங்கை அரசு கட்டுகிறது. இஸ்திரிக்காரிக்கும் அவள் மகளுக்கும் மட்டும். மூன்றாவதாக ஓர் ஆள் தங்குவது தெரிந்தால் உதவி நின்றுபோகும். பழைய குடியிருப்புக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே கரண்ட் இருந்தால் வாத்தியார் இருக்கமாட்டார், வாத்தியார் வந்தால் கரண்ட் இருக்காது.

அதிகாரி நல்ல மனுஷன். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "ஏரியா மாறினா மார்க்கும் மாறும்னு நாங்க சொன்னா யாரும்மா நம்பறாங்க? இனிமே உங்க பொண்ணைத்தான் காட்டப்போறேன். கணக்குல எங்கேயோ இருந்தவ, இப்ப முதல் ஆளு!"

இஸ்திரிக்காரி சிரித்துவைத்தாள். வந்த புதிதில் பெரிய பள்ளியில் பிள்ளை பேந்தப் பேந்த விழித்தது அவளுக்குத்தானே தெரியும். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, சாயங்காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் உள்ளே ஈரத்தரையில் நிற்கிறாள். ஆனால் இந்தத் தெருவின் அமைதி இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது. எதை உருவினால் எது சரியும், யார் கண்டது?

அதிகாரி, நோட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளையின் பக்கம் திரும்பினார். "கண்ணு, நூத்தி அறுபத்தெட்டை இருபத்துநாலால வகு, பாப்போம்."

பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தது. பென்சிலைக் கடித்தது. ஆறு என்று எழுதியது.

"ச்ச்."

குளியலறையிலிருந்துதான். பிள்ளை தப்புப் போட்டால் சித்திக்காரியின் நாக்கு தானாக உச்சுக்கொட்டும். அவள் நினைத்தாலும் நிறுத்த முடியாது. பிள்ளையோ, பழக்கத்தில் ஆறை அழித்துவிட்டு ஏழு என்று எழுதிவிட்டது.

இஸ்திரிக்காரி முந்திக்கொண்டாள். "பல்லிங்க, சார். இந்த வீட்ல பல்லித் தொல்லை தாங்கல."

அதிகாரி விடையைப் பார்த்தார். குளியலறைக் கதவைப் பார்த்தார்.

"உங்க வீட்டுப் பல்லிக்கு வகுத்தல் எல்லாம் தெரியுமாம்மா?"

வேடிக்கையா, வலையா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பிள்ளை ரோஷத்தோடு நிமிர்ந்தது. "பின்னம்கூடத் தெரியும்."

குளியலறைக் கதவின் கீழ் இடுக்கில் ஒரே கறுப்பாகக் கிடந்த நிழல் இரண்டு பாதங்களாகப் பிரிந்து, ஓரடி முன்னால் வந்தது.