குறையே இல்லாத ஆஸ்பத்திரி

தாழம்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆள் வருகிறது என்று தகவல் வந்ததிலிருந்து நர்ஸ் சுஜாதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

புதிதாக ஒரு சீர்திருத்தம் வந்திருந்தது. மதிப்பெண் எடுத்துத் தரச்சான்று வாங்குகிற ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் நிதி. வாங்காத ஆஸ்பத்திரியின் பிரசவ அறையை மூடி, தூரத்திலுள்ள பெரிய நிலையத்தோடு சேர்த்துவிடுவார்கள். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ! நோஞ்சான் பிள்ளையின் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிட்டுக் கொழுத்த பிள்ளைக்கு நெய் ஊற்றுகிற கணக்கு.

நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. சனி, ஞாயிறு ஆனால் ஈ.சி.ஆர். ரோட்டில் கடற்கரைக்குப் போகிற கார்கள் தேர்க்கூட்டம் போல நிற்கும். போன வருஷம் பிரசவ அறைக்கு வெள்ளையடித்த வாரத்தில், வலி எடுத்த பெண்ணை வெளியூருக்கு அனுப்பவேண்டி வந்தது. வண்டி நகரவே இல்லை. சுஜாதா ஆம்புலன்ஸுக்குள்ளேயே பிரசவம் பார்த்தாள். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி வாழ்த்துச் சொல்லி, பிறந்த பிள்ளைக்கு முறுக்குப் பாக்கெட் ஒன்றை நீட்டினார்கள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் முறுக்கோடு முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அந்த அறை போகக்கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஊர் ஜனங்களுக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் வெளியூரிலிருந்து நாலு பேர் பார்க்க வருகிறார்கள், பிடித்தால் சரி என்பார்கள், பிடிக்காவிட்டால் கடுதாசி போடுகிறோம் என்று போய்விடுவார்கள் என்றால் அது என்னவென்று நன்றாகத் தெரியும். பெண் பார்க்கத்தான் வருகிறார்கள்! ஆகவே வாசலில் மாக்கோலம் விழுந்தது. மாவிலைத் தோரணம் ஏறியது. கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்பு சோபா இரவல் வந்தது. சர்க்கரை நோய்ப் பிரிவின் மேஜைமேல் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் உட்கார்ந்தன. துப்புரவுப் பணியாளர் செல்லம்மா பட்டுப்புடவையில் வந்து பினாயில் ஊற்றினாள்.

பெண் பார்க்கிற வீட்டில் வாய்நீளமான பெரியப்பாவை அன்றைக்கு மட்டும் எங்காவது அனுப்பிவிடுவது உலக வழக்கம். இந்த ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒரு பெரியப்பா இருந்தார். பெயர் தேவசகாயம். மறைமலைநகர்க் கம்பெனிக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரஷர் மாத்திரை வாங்குவது மாதம் ஒருமுறைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவது தினமும். வந்ததும் ஆரம்பிப்பார். ஃபேன் கத்துகிறது, பெஞ்சு ஆடுகிறது, குடிதண்ணீரில் குளோரின் வாடை, டாக்டர் கையெழுத்து கோழி கிளறியது போல. வெளியே வெயில் அதிகம் என்பதற்கும் சுஜாதாவைத்தான் பிடிப்பார்.

ஆய்வுக்கு முந்தின நாள் சுஜாதா அவர் கையில் மாத்திரையைத் திணித்தாள். "அண்ணாத்த, நாளைக்கு நீ வராத. வூட்ல ரெஸ்ட் எடு."

தேவசகாயம் மாத்திரையைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். "நாளைக்கு மட்டும் வராதன்றியா சிஸ்டர்?" என்றார். வேறு ஒன்றுமே சொல்லாமல் படியிறங்கிப் போனார். அவர் குறை சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. சுஜாதாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்போது அவளுக்குப் பிரசவ அறைதான் பெரிது.

மறுநாள் மதிப்பீட்டாளர் ஜோதிலட்சுமி வந்தார். மதுரைப் பக்கத்து அம்மாள், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிரிப்பு கிடையாது. பஜ்ஜியைத் தொடவில்லை. பிரசவ அறையைப் பார்த்தார், திருப்தி. மருந்தறை, திருப்தி. டாக்டர் பரணிதரன், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த, மீசை இன்னும் சரியாக அரும்பாத பிள்ளை, பின்னாலேயே மூச்சுவிடாமல் நடந்தார். காத்திருந்த நோயாளிகளிடம் குறை ஏதாவது உண்டா என்று கேட்டார் ஜோதிலட்சுமி. எல்லாரும் ஒரே குரலில், "ஒரு குறையும் இல்லீங்க, தங்கமான ஆஸ்பத்திரி" என்றார்கள். ஒரு கிழவர் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"புகார்ப் பெட்டி எங்கே?"

பெட்டி வாசலில் பிள்ளையார் படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில் தொங்கியது. பூட்டு துருப்பிடித்திருந்தது. செல்லம்மா சுத்தியலால் ஒரு போடு போட்டாள். சில்லறை கொட்டியது! மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, வெள்ளியில் சின்னத் தொட்டில், ஒரு மெழுகுவத்தி, ஜோடி இல்லாத கொலுசு.

"இது என்னம்மா?" என்றார் ஜோதிலட்சுமி.

"உண்டியலுங்க. சுகப்பிரசவம் ஆனா போடுவாங்க" என்றாள் செல்லம்மா பெருமையாக. "நம்ம பெட்டி ரொம்ப சக்தி."

ஜோதிலட்சுமி பேனாவை மூடினார். "புகாரே வராத ஆஸ்பத்திரி என்றால் புகார் சொல்ல வழி இல்லாத ஆஸ்பத்திரி என்று அர்த்தம். விதி அப்படி. குறை சொன்ன ஒருவரும், அந்தக் குறை தீர்ந்ததற்கு அடையாளமும் வேண்டும். இல்லையென்றால் இந்தப் பகுதிக்குப் பூஜ்யம். மொத்தத்தில் நீங்கள் தேறமாட்டீர்கள்."

நாள் முழுக்கக் குறை சொல்கிற மனிதரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, இப்போது குறை சொல்ல ஆள் தேடவேண்டிய நிலைமை! செல்லம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். போன வேகத்தில் தேவசகாயத்தோடு திரும்பினாள். மனிதர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கோயிலுக்குப் போகிறவர் போல வந்தார். சுஜாதாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயா, இந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஏதாவது குறை?" என்றார் ஜோதிலட்சுமி.

"குறையா?" தேவசகாயம் சோபாவில் சாய்ந்துகொண்டார். "இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட? சொர்க்கம் மேடம் இது. ஃபேன் பாரு, தென்றல் மாதிரி சுத்துது. தண்ணி இளநீ மாதிரி கீது. டாக்டர் கையெழுத்து இருக்குதே, கண்ல ஒத்திக்கலாம்."

டாக்டர் பரணிதரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்னே எப்போதாவது குறை சொன்னதுண்டா?"

"நானா? என் வாயில குறைன்ற வார்த்தயே வராது மேடம்."

பழிவாங்குகிறார் என்று சுஜாதாவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் பிரசவ அறையின் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொள்வது போல இருந்தது. பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"பொய் சொல்லாத அண்ணாத்த!" என்று கத்தினாள். "அந்த ஃபேன் ஏன் கத்தல? நீ உயிர வாங்கன, ஆள வெச்சி மாத்தனேன். வாசல்ல கைப்பிடி யார் வந்து வெச்சது? வழுக்கி வுழுந்துட்டு ஊரக் கூட்னியே, அப்பறம்தான வந்துச்சி! மத்யானம் மாத்திரை குடுக்க ஆளு இல்லன்னு கலெக்டர் ஆபீஸ் வரிக்கும் போயி என் மானத்த வாங்கல? இன்னிக்கி ஆளு கீதுல்ல? இந்த ஆஸ்பத்திரில ஒழுங்கா கீறதெல்லாம் உன் வாயால வந்தது. உன்னால நான் பட்ட பேஜாரு கொஞ்சநஞ்சமா? இப்ப ஒண்ணுமே சொல்லலன்னு உக்காந்துகினு கீற!"

மூச்சு வாங்க நின்றாள். ஜோதிலட்சுமி ஃபேனைப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மாத்திரை கொடுக்கிற பெண்ணிடம் எப்போது சேர்ந்தாய் என்று கேட்டார். பேனாவைத் திறந்தார்.

"இவ்வளவு நல்ல புகார்தாரர் நான் வந்தபோது ஏன் இங்கே இல்லை?"

தேவசகாயம் சோபாவின் நுனிக்கு வந்தார்.

"அத கேளு மேடம்! அதான் என் குறை, எழுதிக்கோ" என்றார். குரல் உடைந்துவிட்டது. "வராதன்னு சொல்ட்டாங்க. வேண்டாதவன் மாதிரி. வூட்ல பொண்டாட்டி மேரி என் பேச்சக் கேட்டு எத்தினி வருஷம் ஆச்சி தெரியுமா? இங்கதான் கேட்டாங்க. திட்னாங்க, ஆனா கேட்டாங்க. இங்கியும் வராதன்னா நான் எங்க மேடம் போவேன்?"

சுஜாதாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "தப்புதான் அண்ணாத்த. மனசுல வெச்சிக்காத. தெனமும் வா. நாளைக்கும் வா" என்றாள். தேவசகாயம் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினார்.

"குறை பதிவானது. அங்கேயே தீர்க்கப்பட்டது. முழு மதிப்பெண்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் ஜோதிலட்சுமி. "பிரசவ அறை இங்கேயே இருக்கட்டும்."

செல்லம்மா குலவை போட்டாள். டாக்டர் பரணிதரன் ஒரே வாயில் இரண்டு பஜ்ஜியைத் திணித்துக்கொண்டார். ஜோதிலட்சுமிகூட, இனிமேல் தொடலாம் என்று தோன்றியதோ என்னவோ, கேசரித் தட்டின் பக்கம் கையை நீட்டினார்.

"இரு மேடம்" என்றார் தேவசகாயம். "இன்னொரு குறை கீது."

"சொல்லுங்க."

"நீ வந்ததுலேந்து இங்க ஒருத்தருக்கும் ஊசி போடல, பிரஷர் பாக்கல. நாஸ்தா துன்னாம ரத்த டெஸ்ட்டுக்கு வந்தவங்க வெயில்ல நின்னுகினு கீறாங்க, அங்க பாரு. ஒன்னப் பத்தி எங்க மேடம் குறை சொல்றது?"

ஜோதிலட்சுமி திரும்பிப் பார்த்தார். கிழவர்களும் பிள்ளை சுமந்த பெண்களும் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் தன் விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எந்தப் பக்கத்திலும் அதற்கு இடம் இல்லை.

"சிஸ்டர், நீங்க போய் அவங்களைப் பாருங்க" என்றார் கடைசியில், சின்னக் குரலில். தானே போய், கதவோரம் நின்றிருந்த ஒரு கர்ப்பிணியைச் சோபாவில் உட்காரவைத்தார்.

சுஜாதா பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்பாகவே தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தார். பட்டையைச் சுற்றினாள்.

"இன்னா சிஸ்டர் இவ்ளோ டைட்டா கட்ற? கை இன்னா வாடகைக்கா வந்துச்சி?"

அந்தக் குரலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று சுஜாதா நினைத்ததே இல்லை.