நான்கு பேர் எழுதிய ஒரே கதை

“நாலு தடவை பொறந்து நாலு தடவையும் சாகுறாரே, ஏன்?”

“யாருங்க?”

“உங்க சாமிதான். மொத புத்தகத்துல பொறக்குறாரு, சிலுவையில சாகுறாரு, எந்திரிக்கிறாரு. ரெண்டாவதுல பொறந்த கதையே இல்ல, நேரா ஆத்துக்கு வந்து முழுகுறாரு. மறுபடி புடிச்சுக் கொல்றாங்க. மூணாவது பொறவியிலதான் மாட்டுக் கொட்டில் வருது.”

கிருஷாந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. “அது ஒரே பொறப்புங்க. நாலு பேர் எழுதியிருக்காங்க.”

“அப்படியா? இவ்வளவு பட்டும் திரும்பத் திரும்ப வர்றாரேன்னு நான் பாவப்பட்டுக்கிட்டிருந்தேன்” என்றான் பிரவீனன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரே கதைய எதுக்கு நாலு பேரு எழுதணும்? ஒருத்தர் எழுதி மத்தவங்க கையெழுத்துப் போட்டா போதாதா?” என்று கேட்டான்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் தொடக்கத்தில், பதுளை பஸ் நிலையத்தில் நடந்த பேச்சு அது. அவனுடைய கேள்வி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து பஸ்ஸில் அவளோடு ஏறி, அவள் வீடிருந்த லயம் வரை வந்துவிட்டது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வருடமாக மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவள் அவள். அன்று முதல்முறையாக அந்த நாலில் மத்தேயு எழுதியதையும் லூக்கா எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தாள். ஒன்றில் ஞானிகள் ஒரு வீட்டுக்கு வருகிறார்கள். இன்னொன்றில் இடையர்கள் கொட்டிலுக்கு வருகிறார்கள். ஒன்றில் குடும்பமே எகிப்துக்கு ஓடுகிறது. இன்னொன்றில் நிதானமாக ஆலயத்துக்குப் போகிறது. எல்லாரையும் ஒரே கொட்டிலில் அடைத்துக் கதை சொல்லிவந்தவள் அவள்தான்.

பங்குச் சுவாமியாரிடம் கேட்டாள். “கோர்ட்டுல சாட்சி சொல்ல எழுதலம்மா. அவங்கவங்க சனத்துக்காக எழுதுனாங்க. ஒரு சனத்துக்கு ஆண்டவர் எந்த வம்சம்னு தெரியணும். பயந்து ஒளிஞ்சிருந்த சனத்துக்கு, நம்ம ஆண்டவரும் கஷ்டப்பட்டாருன்னு தெரியணும்” என்றார் அவர்.

தெளிவதற்குப் பதில் இன்னும் குழம்பியது. கேட்பவருக்கு ஏற்றபடி சொன்னால் அது உண்மையா, பூசி மெழுகலா?

இரண்டு வருடமாகக் காதலிக்கும் அவளும் பிரவீனனும் செய்வதும் அதுதானே. ஞானஸ்நானம் எடுத்தால்தான் பெண் என்றார் அவள் அப்பா அந்தோனிமுத்து. பிரவீனன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் அவன் அம்மா விசாலாட்சியிடமோ, எதுவும் மாறாது, வருகிற மருமகள் பொட்டு வைத்து விளக்கேற்றுவாள் என்று சொல்லியிருந்தார்கள். மதம் மாறாமலே, ஆயரின் அனுமதியோடு கோவிலில் கல்யாணம் நடக்கும் என்பது கிருஷாந்திக்குத் தெரியும். அதை அப்பாவிடம் சொல்லவும் பயம், மனசார நம்பித்தான் மாறுகிறானா என்று அவனிடம் கேட்கவும் பயம். கேட்டால், இதுதான் சாக்கென்று அவன் கல்யாணத்திலிருந்தே விலகிவிட்டால்?

ஈஸ்டர் ஞாயிறுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமைக் காலை, ஞானஸ்நான விண்ணப்பத்தை நிரப்பப் பதுளைக் கோவில் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அவன் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிவிட்டு, ‘ஞானஸ்நானம் பெற விரும்பும் காரணம்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினான். பிறகு ஒரே சொல் எழுதினான்.

எட்டிப் பார்த்தாள். ‘கிருஷாந்தி’ என்று இருந்தது.

“என்னங்க இது?”

“உண்மையத்தானே எழுதச் சொல்லியிருக்கு. வீட்டு விலாசமும் சேத்து எழுதணுமா?”

சிரிக்கத்தான் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இவ்வளவு ஆசையாக அவள் பெயரை ஒருவன் எழுதியதற்குச் சந்தோஷப்படுவதா, எழுதக் கூடாத இடத்தில் எழுதிவிட்டானே என்று பதறுவதா? ஆண்டவர் கதையை எழுதிய அந்த நாலு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், சரி. ஆனால் தான் நம்பாததை ஒருவர்கூட எழுதவில்லையே.

“ஏன், தப்பா எழுதிட்டேனா?” என்றான் அவன்.

அவள் விண்ணப்பத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“இது வேணாங்க. எனக்காக முழுகாதீங்க. என்னைக்காவது நம்பிக்கை வந்தா, அன்னைக்கு முழுகுங்க. இப்போ எங்க லயத்துக்கு வந்து, அப்பாகிட்ட, நீங்க இருக்கிற மாதிரியே நின்னு பொண்ணு கேளுங்க.”