ஒண்ணு விட்டு ஒண்ணு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, நிலைத்த பெயர் இன்னொன்று. நிலைத்தது 'அவசரம்'. வைத்த புண்ணியவான் அவளுடைய சொந்த அண்ணன்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பஸ் கண்டக்டர் வேலை அவளுக்கு. ஆள் படியில் கால் வைப்பதற்குள் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவாள். டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்குள் விசில் பறக்கும். பேச்சும் அப்படித்தான், முன் வாக்கியம் முடிவதற்குள் பின் வாக்கியம் வந்து அதன் காலை மிதிக்கும்.

பாகப்பிரிவினையில் மேல வயல் அண்ணனுக்கும் கீழ வயல் அவளுக்கும் வந்தது. வந்த அன்றே அண்ணன் தொடங்கிவிட்டார்.

"பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறவளுக்கு வயல் எதுக்கும்மா? என்கிட்ட விட்டுடு. ரெண்டையும் சேர்த்து நானே பாத்துக்கறேன்."

"ஏன், எனக்குக் கை இல்லையா? ஒரு போகம் நானே வெச்சுப் பாக்கறேன் அண்ணே."

அண்ணன் சிரித்தார். ஆளைப் பார்த்தால் பரம சாது, ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, எதிரில் நிற்பவரைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கிவிடும். "சரி, ஒரே ஒரு போகம். கீழ விளையறது மேல விளையறதைவிடக் குறைஞ்சா, அப்புறம் நீ வயல் பக்கமே வரக்கூடாது. சம்மதமா?"

அவர் 'சம்ம' என்று சொல்லும்போதே அவள் "சம்மதம்" என்று முடித்துவிட்டாள். அண்ணி தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணிக்கு ஒரு குணம், அதிகம் பேசமாட்டார், ஆனால் கேட்டதை மறக்கமாட்டார்.

அவளை உறுத்தியது பந்தயம் அல்ல. 'கீழ', 'மேல' என்கிறாரே தவிர, மறந்தும் 'உன் வயல்' என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் நெருஞ்சி முள்ளாகத் தைத்தது. ஒரு நாளாவது சொல்ல வைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டு டூட்டிக்குப் போனாள்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். கீழ வயல் வரப்பு போட்டுத் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு துண்டில் மக்காச்சோளம், அடுத்த துண்டில் தட்டைப்பயறு, மறுபடி சோளம், மறுபடி பயறு. அண்ணனோ வழக்கம்போல முழுக்கச் சோளம், அதுவும் நெருக்கி. முதல் மழை பெய்ததும் ஊரே விதைக்க ஓடியது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நெரிசலில் ஒரு காலில் நின்றபடி டிராக்டர்காரருக்குப் போன் போட்டாள். இந்தப் பக்கம் ஹாரன், அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம்.

"அண்ணே, ஒண்ணு விட்டு ஒண்ணு சோளம் போட்டுடுங்க. விட்டதுல நான் பயறு போட்டுக்கறேன். ஏறு ஏறு, உள்ள போ!"

"என்னது, ஒண்ணு விட்டு ஒண்ணா?"

"ஆமா ஆமா, ஒண்ணு விட்டு ஒண்ணு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். 'துண்டு' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. டிராக்டர்காரர் நல்ல மனிதர், சொன்னதை அப்படியே செய்பவர். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தவை டிராக்டரில் மாட்டிய விதைக்கும் கருவியின் குழாய்கள், குழாய்க்கு ஒரு வரிசை விதை இறங்கும். ஒரு குழாயை விட்டார், அடுத்த குழாயில் துணியைத் திணித்தார், அடுத்ததை விட்டார், அடுத்ததில் திணித்தார். கீழ வயல் முழுக்க, துண்டு வரப்பு பாராமல், சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

முளை விட்ட பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. மேல வயல் பச்சைப் பாய் விரித்ததுபோல இருக்க, கீழ வயலில் ஒரு வரிசை, ஒரு வெட்டவெளி, ஒரு வரிசை, ஒரு வெட்டவெளி. வரப்பில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. "சீப்புல பாதிப் பல்லு போயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள், ஏன் மறைக்க வேண்டும்? அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது, விதைக்காமல் வீட்டில் கிடந்த பயறு நினைவுக்கு வந்தது. எடுத்தாள் ஓட்டம்.

"அண்ணி, கொஞ்சம் கூட வரீங்களா? வெட்டவெளியில எல்லாம் பயறை ஊனிடலாம்."

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "உங்க அண்ணன் கேட்டா?"

"கேக்கட்டும்."

"கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார் அண்ணி. இரண்டு பேரும் குனிந்தவர்கள் நிமிரவில்லை, கடைசி இடைவெளி வரை பயறு ஊனிவிட்டுத்தான் இடுப்பைப் பிடித்தார்கள்.

அதன் பிறகு மழை என்ன செய்தது தெரியுமா? வேலையைக் காட்டியது. சோளம் பூ எடுத்துக் கதிர் பிடிக்கும் நேரம் பார்த்து ஒரேயடியாக நின்றுபோனது. பார்க்கிறவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தார்கள். மேல வயலில் இலை சுருண்டது. கீழே பயற்றங்கொடி தரையை மூடிப் படர்ந்திருந்தது, கொடியை விலக்கி விரலால் கிளறினால் மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. அவள் தினமும் டூட்டி முடிந்து யூனிபாரத்தோடு போய்க் கிளறிப் பார்த்தாள். மேல வயல் செடிகள் காலை நேரத்து பஸ் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. அவளுடையவை கடைசி டிரிப் பஸ்ஸில் சீட்டு கிடைத்தவர்கள்போலக் காலை நீட்டிக்கொண்டு நின்றன. வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது ஊருக்கே அதிசயம்.

அறுவடைச் சமயம் ஒரு சேதி வந்தது. மாநிலம் முழுக்க எவ்வளவு சோளம் விளைந்தது என்று கணக்கெடுக்க விவசாய ஆபீஸிலிருந்து ஆள் வருகிறாராம். எல்லா வயலையும் அளக்க முடியாது. ஊருக்கு இரண்டு வயலைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அதில் ஒரு சதுரம் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தில் விளைந்ததை மட்டும் எடை போடுவார்கள். குலுக்கலில் விழுந்தவை எவை? மேல வயலும் கீழ வயலும். இத்தனை வயல் கிடக்க இவை இரண்டும்தானா விழ வேண்டும்? விழுந்தது, என்ன செய்ய?

"நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன். "நம்ம பந்தயத்தையும் அதுலயே முடிச்சுக்கலாம். பொதுவான ஆளு, பொதுவான தராசு."

"முடிச்சுக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முழு வயலும் பேச வேண்டியதை ஒரு சதுரத்தின் வாயில் கொடுத்துவிட்டோமே!

ஆபீஸிலிருந்து வந்தது ஒரு அம்மா. தோளில் கயிறு, கையில் முளைக்குச்சி, ஸ்கூட்டரில் தொங்கு தராசு. ஊர் அவருக்கு உடனே 'கயிற்றம்மா' என்று பெயர் வைத்துவிட்டது. சிரிக்கவும் மாட்டார், அசையவும் மாட்டார்.

"எவ்வளவு தூரம் உள்ள போகணும், எந்தப் பக்கம் திரும்பணும், எல்லாம் ஆபீஸ்லயே குலுக்கிக் குடுத்துட்டாங்க. அங்கதான் கயிறு. நல்லா விளைஞ்ச இடத்தையும் காட்டாதீங்க, விளையாத இடத்தையும் காட்டாதீங்க" என்றார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இது யார் வயல், அது யார் வயல்?"

"ரெண்டும் நம்ம வயல்தாங்க" என்றார் அண்ணன், அவள் வாயைத் திறப்பதற்குள். அவசரத்தையே ஒருவர் முந்தினார் என்றால் அன்றைக்கு அது ஒன்றுதான்.

மேல வயலில் கயிறு கட்டி, கதிர் ஒடித்து, உரித்து, மணி உதிர்த்தார்கள். கதிர்கள் நிறைய இருந்தன. ஆனால் பாதிக் கதிர் பொக்கை வாய். நுனியில் மணியே இல்லை. அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியது. இருந்தாலும் எண்ணிக்கை பலம் என்று ஒன்று இருக்கிறதே, தராசு முள் நன்றாகவே இறங்கி நின்றது. கயிற்றம்மா முள் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தார். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு கீழ வயல். கயிற்றம்மா உள்ளே நடந்தார், திரும்பினார், முளை அடித்தார். அண்ணன் ஒரு முனையையும் அண்ணி ஒரு முனையையும் பிடிக்கக் கயிறு இறுகியது. அவள் பார்த்தாள். ஓரத்து வரிசை ஒன்று கயிற்றின் அடியிலேயே ஓடியது.

கயிற்றம்மா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தூராகத் தடவினார். "வேர் வெளிய இருக்கு. இந்த வரிசை சேராது."

"அம்மா, இலையெல்லாம் உள்ளதானே சாஞ்சிருக்கு?"

"இலைக்கு நான் கணக்கெடுக்கலம்மா. வேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்."

ஒரு வரிசை போச்சு. இருப்பதே பாதி வரிசை, அதிலும் ஒன்று போச்சு. கதிர் ஒடித்தார்கள். ஒரு செடிக்கு இரண்டு கதிர், அடி முதல் நுனி வரை மணி. உரிக்க உரிக்க வேடிக்கை பார்த்தவர்கள் நெருங்கி வந்தார்கள். சீப்பு என்று சிரித்தவர்களே கதிரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணனும் ஒன்றை எடுத்தார். கட்டை விரலால் மணியை அழுத்திப் பார்த்தார்.

மணி உதிர்த்து மூட்டை கட்டித் தராசில் மாட்டினார்கள். முள் இறங்கியது. இறங்கு, இறங்கு என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கோட்டை நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றுவிட்டது.

ஒரு கை மணி, அவ்வளவுதான் வித்தியாசம். கயிற்றுக்கு வெளியே நிற்கும் அந்த வரிசையில் நாலு கதிர் போதும். அவள் கண் அங்கேயே போனது. கண்ணில் நீர் முட்டியது. போச்சு, வயல் போச்சு.

"மூட்டையை இறக்காதீங்க" என்றார் கயிற்றம்மா. "பயறு எங்க?"

"என்னது?"

"கயித்துக்குள்ள பயறு நிக்குதே. கலந்து போட்டிருந்தா ரெண்டையும் எடை போடணும்னு எங்களுக்கு உத்தரவு. பிடுங்குங்க."

லீவு கிடைக்காமல் அவள் பறிக்காமலே விட்ட பயறு. வாழ்க்கையில் அவள் தள்ளிப்போட்ட ஒரே வேலை. நெற்றுகள் முற்றிக் காய்ந்து கொடியோடு கலகலத்துக்கொண்டிருந்தன. அவள் பாய்ந்து பிடுங்கினாள், அண்ணி பிடுங்கினார், சிரித்த ஊரும் குனிந்து பிடுங்கியது. தட்டி உதிர்த்து, புடைத்து, பயறு மூட்டையைச் சோள மூட்டையோடு சேர்த்து மாட்டினார்கள்.

முள் கோட்டைத் தாண்டியது. தாண்டி, நிற்காமல், இன்னும் கீழே போனது.

கூட்டம் ஓவென்று கத்தியது. அவள் கத்தவில்லை. அண்ணனைப் பார்த்தாள். பந்தயம் சோளத்துக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அண்ணனின் வாய் திறந்தது.

"கீழ விளையறதுன்னுதான் சொன்னீங்க" என்றார் அண்ணி, தரையைப் பார்த்தபடியே. "சோளம்னு சொல்லல. நான் செம்போட நின்னுட்டிருந்தேன்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "நான் அதைச் சொல்ல வரல" என்றார். கயிற்றம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, மொதல்ல ஒண்ணு கேட்டீங்களே, அதை நான் தப்பாச் சொல்லிட்டேன். மேல இருக்கறது என் வயல். இது என் தங்கச்சி வயல்."

இத்தனை மாதமும் எந்த வார்த்தைக்காக அவள் ஓடினாளோ, அந்த வார்த்தை வந்தபோது அவள் சிந்திக் கிடந்த பயற்றில் ஒரு கை அள்ளி, டிக்கெட்டைத் திணிப்பதுபோல அண்ணன் கையில் திணித்தாள். கயிற்றம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அண்ணன் அங்கேயே நின்று டிராக்டர்காரருக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அடுத்த போகத்துக்கு மேல வயலுக்கும் நீ வரணும்ப்பா."

"வரேன் அண்ணே. எப்படிப் போடணும்?"

அண்ணன் ஒரு நிமிடம் தங்கையின் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணு விட்டு ஒண்ணு."

"அய்யோ அண்ணே, போன தடவை வாங்கின ஏச்சே போதும்" என்றார் டிராக்டர்காரர். "துண்டா, குழாயா, தெளிவாச் சொல்லுங்க."

அண்ணன் போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா. அவசரமில்ல, நிறுத்தி நிதானமாச் சொல்லு."